புரட்டிப் பார்க்காத ஹெட்

அக்கா,

இன்று காலை சாக்கில் சுற்றிய ஒரு இன்ஜின் ஹெட் வந்து இறங்கியது. சாக்கை அவிழ்த்ததும் பழைய கரியும் ஊறிப்போன ஆயிலும் கலந்த நாற்றம் அடித்தது. தொட்டியில் டீசலை ஊற்றியதும் அது வேறு வாசனையாக மாறிவிட்டது. நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்தால் உங்கள் முந்தானையிலிருந்து வருமே, அந்த வாசனை. நான் திரும்பிக்கூடப் பார்த்தேன்.

நேரில் உங்களை நான் ஒரு நாளும் 'நீங்கள்' என்று சொன்னதில்லை. "யக்கா, நீ நவுரு", "யக்கா, நீ அத்த எடு" என்றுதான் பேசினேன். என் அம்மாவைவிட மூன்று வயது மூத்தவர் நீங்கள். இப்போது எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' என்று வருகிறது. இந்த மரியாதைமேலும் எனக்குச் சந்தேகம்தான். ஆள் போன பிறகு கொடுக்கிற மரியாதையில் கொடுப்பவருக்கு என்ன கஷ்டம் இருக்கிறது?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உங்களிடம் சொன்னதில்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

வடமாலபேட்டை தாண்டி, சென்னை ரோட்டை ஒட்டி இருக்கும் நம் குடோனைப் பஸ்ஸிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் பழைய இரும்புக் கடை. உள்ளே வருவதெல்லாம் அறுபது, எழுபது வயதான கார்களும் ஜீப்புகளும். எங்கோ ஒரு கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை ஓனர் வாங்கி, பிரித்து, பாகம் பாகமாக விற்பார். பழைய காரை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்பார்கள். பாகங்களைக் கழுவுவது உங்கள் வேலை. கழுவியதைப் போனில் படம் எடுத்து, இது இன்னது, இத்தனை இருக்கிறது என்று எழுதி ஓனருக்கு அனுப்புவது என் வேலை.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஐந்து பேர் இருக்கும் இடத்தில் என் பேரைக் கேட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். தெலுங்குப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொல்லும் நாட்களிலெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்தது. கடைசியில் காய்ச்சல் இல்லாமலே வீட்டில் நின்றுவிட்டேன். ஓனருக்கு என்னிடம் பிடித்தது இந்த அடைத்த தொண்டைதான். நைனா என்னைக் கூட்டிக்கொண்டுபோய், "பொண்ணு அதிகமா பேசாதுங்க" என்று தயங்கிச் சொன்னபோது, அவர் தெலுங்கில், "மாட்லாடதா? மஞ்சிதே" என்றார். பேசாதா, நல்லதுதான் என்று.

முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் சேருவதற்கு முன்பு ஒரு பித்தளைக் கார்புரேட்டர் காணாமல் போயிருந்ததாம். யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லையாம். "அந்த அம்மா மேல ஒரு கண்ணு வெச்சுக்கோம்மா" என்றார்.

வைத்தேன். அக்கா, அதில் நான் கெட்டிக்காரி. பேசத் தெரியாதவள் சின்ன வயதிலிருந்து வேறு என்ன செய்துகொண்டிருந்திருப்பாள்? பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

உங்கள் பச்சை ஒயர் கூடை எந்த ஆணியில் தொங்கும், காலையில் எவ்வளவு தொய்ந்திருக்கும், சாயங்காலம் எவ்வளவு தொய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு மணிக்கு நீங்கள் குடோனுக்குப் பின்னால் போய் வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரியும். ஒரு நாள் கொஞ்சம் அதிகமானால், பின்சுவரில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பேன். நீங்கள் என்னிடம் சிரித்தால், ஏன் சிரிக்கிறீர்கள் என்று யோசிப்பேன். முறுக்கு கொடுத்தால், எதை மறைக்க இந்த முறுக்கு என்று யோசிப்பேன்.

"துன்னு பாப்பா. நானே சுட்டது."

"வேணாம்க்கா. வயிறு வலி."

அந்த வயிற்று வலி என்ன என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் காலனி எது, எங்கள் தெரு எது என்று தெரிந்த யாருக்கும் தெரியும். வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், "அவங்க கையில எதுனா வாங்கித் துன்னுக்கினு இருக்காத" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஓனர் சொன்ன காரணம் ஒன்று, அம்மா சொன்ன காரணம் வேறு. எனக்குள் இரண்டும் கலந்து ஒரே சந்தேகமாகிவிட்டன. எது எந்தப் பங்கு என்று இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

நீங்கள் மறுபடி ஒருமுறை கொடுத்தீர்கள். மறுபடி வயிறு வலித்தது. அப்புறம் கொடுக்கவில்லை. எனக்கு 'போலீசம்மா' என்று பேர் வைத்தீர்கள். நான் போனைத் தூக்கிக்கொண்டு வந்தால், கையிலிருக்கும் கம்பி பிரஷ்ஷை நெற்றிக்கு நேரே நிறுத்தி சல்யூட் அடிப்பீர்கள். வண்டியை வெட்டிப் பிரிக்கும் கட்டிங் ஆட்கள் சிரிப்பார்கள். எனக்குக் காது சுடும்.

ஹெட் விஷயத்தில் எனக்கு ஒரு கர்வம் வந்ததும் அந்த நாட்களில்தான். ஒரு கார்க்காரர் பேசும் வீடியோவைப் போனில் நாலைந்து முறை பார்த்து இரண்டு வகைகளைப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். ஒன்று சைடு வால்வு. அதில் வால்வெல்லாம் கீழே பிளாக்கில், சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். ஹெட் என்பது மேலே போட்டு மூடும் கனமான மூடிதான். போல்ட் ஓட்டையும் பிளக் ஓட்டையும் தவிர அதில் ஒன்றும் இருக்காது. இன்னொன்று ஓவர்ஹெட். அதில் எல்லா வால்வும் ஹெட்டிலேயே இருக்கும், ஒரு சிலிண்டருக்கு இரண்டு. காற்றும் பெட்ரோலும் வருகிற வழி, புகை போகிற வழி எல்லாம் ஹெட்டின் பக்கவாட்டிலேயே திறந்திருக்கும்.

உங்களுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. நீங்கள் மூடியைப் பார்த்தால், "இது ஒண்டிக்கட்ட" என்பீர்கள். வால்வோடு வந்தால், "வா வா, புள்ளகுட்டியோட வந்துகீது பார்" என்பீர்கள். கழுவும்போது வால்வுகளை ஒன்றொன்றாகத் தட்டில் வைத்து, "இது மூத்தவன், இது ரெண்டாவது" என்று முனகிக்கொண்டிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன். சிரிக்க வைத்துவிட்டு எதையாவது எடுத்துக்கொண்டால்?

ஒருமுறை ஓனர், வால்வு இல்லாத ஹெட் ஒன்றைப் பார்த்து, யாரோ உருவிக்கொண்டு உடம்பை மட்டும் அனுப்பிவிட்டார்கள் என்று உருக்கப் போடச் சொன்னார். நான் போனில் எழுதிக் காட்டினேன்: 'இது சைடு வால்வு. மூடி இப்படித்தான் இருக்கும்.' அவர் யாரிடமோ கேட்டு உறுதி செய்துகொண்டு, "பர்வாலேதே!" என்றார், பரவாயில்லையே என்று. அன்றிலிருந்து ஹெட் பற்றி நான் எழுதியதை அவர் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. வந்த வினையே அதுதான்.

நாகலாபுரம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் கிடந்த ஜீப்பை ஓனர் வாங்கினார். இன்ஜின் சுவர் இடிந்த மண்ணுக்குள் பாதி புதைந்திருந்ததாம். ஹெட்டை மட்டும் கழற்றிக் குட்டி யானை வண்டியில் முதலில் அனுப்பினார்கள். பிளாக்கும் மேல் மூடியும் பிறகு வரும் என்றார்கள்.

நீங்கள் அந்த ஹெட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி வால்வுகளைக் கழற்றித் தட்டில் வைத்தீர்கள். பிறகு ஹெட்டைப் பலகைமேல் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தேய்க்க ஆரம்பித்தீர்கள். நான் அப்போது சாப்பிட்டுவிட்டு வந்தேன். தட்டைப் பார்த்தேன். நான்கு. பிளக் ஓட்டைகளை எண்ணினேன். நான்கு. நான்கு சிலிண்டர் என்றால் எட்டு வால்வு.

"யக்கா, மீதி எங்க?"

"இன்னா மீதி?"

"வால்வு. எட்டு இருக்கணும்."

"இதுல கெடந்தது நாலுதான் பாப்பா."

"ஒண்ணுக்கு ரெண்டு. எட்டு."

"இருந்தாதான தருவேன்? நானா பெத்துத் தர முடியும்? வேணும்னா நீயே இத்த புரட்டிப் பாரு."

நீங்கள் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஹெட்டுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றீர்கள். தட்டுக்குப் பக்கத்தில்.

நான் புரட்டவில்லை.

தூக்க முடியாத கனம் இல்லை அது. ஒரு பக்கம் நிமிர்த்திக் குனிந்து பார்த்திருந்தால் போதும். வால்வை உருவினாலும் அது உட்காரும் ஓட்டையை யாரும் உருவ முடியாது. எட்டு ஓட்டை இருந்தால் நீங்கள் எடுத்தீர்கள், நாலு இருந்தால் எடுக்கவில்லை. அவ்வளவு எளிது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது வேறு. நான் இரண்டு கையாலும் ஹெட்டைப் பிடித்துக் குனிந்தால் என் கண் தட்டில் இருக்காது. அதற்காகத்தான் புரட்டச் சொல்கிறார்கள், மிச்சமும் போய்விடும். இப்படித்தான் நினைத்தேன் அக்கா. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன்.

வாயால் சொல்ல எனக்கு வராது. தள்ளிப் போய் நின்று ஓனருக்கு எழுதினேன்: 'ஓவர்ஹெட். எட்டு வால்வில் நான்கு இல்லை. காலையில் வந்தது, அக்கா மட்டும்தான் தொட்டார்கள்.' கடைசி வரியை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சேர்த்தேன்.

சாயங்காலம் கேட்டில் வைத்து உங்கள் கூடையைக் கவிழ்க்கச் சொன்னார். டிபன் பாக்ஸ், சீப்பு, ஒரு பழைய துண்டு, பாதி பன். கட்டிங் ஆட்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. வால்வு எதுவும் இல்லை என்றதும் ஓனர், "மத்தியானமே வெளிய போயிருக்கும்" என்றார். பிறகு, "நாளைக்கு வர வேணாம்."

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

"எண்ணினது நீதான பாப்பா?"

தலையாட்டினேன்.

"சரி." கீழே கிடந்ததை எல்லாம் நிதானமாகக் கூடைக்குள் எடுத்து வைத்தீர்கள். சீப்பில் ஒட்டிய மண்ணை ஊதினீர்கள். போய்விட்டீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை நாள் சந்தேகப்பட்டது வீணாகவில்லை என்ற நிம்மதி.

பதினோராம் நாள் பிளாக் வந்தது. அதற்கு மறுநாள் சித்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அந்த ஜீப் இன்ஜினை மொத்தமாக வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டவர். ஓனர் கேட்டுக்கு வெளியே போனில் கத்திக்கொண்டிருந்தார். மெக்கானிக் தன் போனில் நான் எடுத்த படத்தைக் காட்டினார்.

"யாரும்மா இத எழுதினது? நாலு வால்வு இல்லன்னு?"

பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் கையைத் தூக்கினேன்.

"ஹெட்ட திருப்பிப் பாத்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் குனிந்து ஒரே இழுப்பில் அதைப் புரட்டிப் போட்டார்.

"எண்ணு. எத்தினி ஓட்ட?"

நான்கு.

"ஓட்டயே நாலு. அப்புறம் மீதி நாலு வால்வ எங்க வெப்பான், பாக்கெட்லயா?"

அவர் பிளாக்கின்மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்தார். நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் பக்கத்திலும், மண் படிந்து, ஒரு வால்வு கெட்டியாக உட்கார்ந்திருந்தது. "உள்ள வர்றது மேல. பொக போறது கீழ. இது ரெண்டுங்கெட்டான் ஜாதி. பாதி சைடு வால்வு, பாதி ஓவர்ஹெட். பக்கவாட்டுல பார், பொக போற வழி ஹெட்ல கீதா? இல்ல இல்ல? அப்பவே தெரிய வேணாமா?" என்றார். இரண்டு பக்கமும் வால்வு வைத்த ஒரு வகைகூட உண்டாம். ரொம்பப் பழசாம். அதை அவரே படத்தில்தான் பார்த்திருக்கிறாராம். அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அந்த நான்கு ஓட்டைதான் தெரிந்தது.

இரண்டே வகை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டைத் தெரிந்துகொண்டு, அத்தோடு முடிந்தது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

அடுத்து நான் செய்தது உங்களுக்குத் தெரியாது அக்கா. பழைய படத்தை அழித்தேன். புதிதாகப் படம் எடுத்து, 'ஹெட், நான்கு வால்வு, முழுசு' என்று எழுதி அனுப்பினேன். ஓனர் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிறவர் இல்லை. மெக்கானிக் இன்ஜினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வால்வு எங்கே இருந்தது என்பது குடோனில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றரை நாள் அப்படியே இருந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் போகும்போது எதிர் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மாங்கா பேக்டரில கேட்டாளாம். அங்கயும் வேணாம்னுட்டாங்களாம்."

"திருட்டுக் கைன்னு தெரிஞ்சா யார்மே சேப்பாங்க? அவ வூட்டுக்காரன் செத்தப்போகூட இப்பிடி இடிஞ்சி உக்காரலயாம்."

ஒருத்தி என்னைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள். பக்கத்தில் இருந்தவளை இடித்து, "இந்தப் பொண்ணுதான் புடிச்சிச்சாம். சின்னப் பொண்ணு, இன்னா ஒரு சாமர்த்தியம் பார்" என்றாள்.

வாழ்க்கையில் வெளியாள் யாரும் என்னை அதுவரை புகழ்ந்ததில்லை. அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. வழியிலேயே இறங்கி, ரோட்டோரம் நின்று ஓனருக்கு எழுதினேன்: 'நான்கு வால்வுதான். யாரும் எடுக்கவில்லை. தப்பு என்னுடையது.' கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டை விரல் படம் வந்தது. அதன் கீழே, 'வரச் சொல்லு.' அவ்வளவுதான். உங்கள் பேர் கெட்ட பதின்மூன்று நாளுக்கு அவர் கொடுத்தது ஒரு கட்டை விரல்.

மறுநாள் காலை உங்கள் வீட்டுக்கு வந்தேன். தெருக் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"வா போலீசம்மா. இங்கயும் எண்ணணுமா? ஏழு பாத்திரம் கீது, எழுதிக்கோ."

"யக்கா, ஓனர் வரச் சொன்னாரு."

"எதுக்கு, இன்னொரு தபா கூடைய கவுக்கவா?"

"நாலுதான்."

"இன்னா நாலுதான்?"

"வால்வு. மேல நாலுதான். மீதி நாலு கீழ பிளாக்குல கீது. அந்த ஜாதியே அப்பிடியாம்."

நீங்கள் கையிலிருந்த சொம்பை மூன்று முறை அலசினீர்கள். பிறகு திடீரென்று சிரித்தீர்கள். "அப்போ புருஷன் மாடில, பொண்டாட்டி கீழ் வூட்ல. தனிக் குடித்தனமா? நல்ல குடும்பம் போ."

நான் சொல்ல வேண்டிய வார்த்தை இன்னும் ஒன்று இருந்தது. குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சொம்பில் தண்ணீர் பிடித்து நீட்டினீர்கள்.

"குடிப்பியா? வயிறு வலிக்காதே?"

குடித்தேன். முழுச் சொம்பையும் குடித்தேன். இறங்க இறங்க நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அது தாகத்துக்குக் கொடுத்ததா, பரீட்சையா? நான் குடித்ததுதான் என்ன? மன்னிப்பைக் கேட்கத் துப்பில்லாமல் தண்ணீராகக் குடித்துத் தீர்த்துக்கொண்டேனா? எப்படி யோசித்தாலும் என் பக்கம் மலிவாகவே தெரிகிறது.

"அன்னிக்குப் புரட்டிப் பாருன்னு சொன்னனே. ஏன் பாக்கல?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் உண்மைதான் வந்தது. "நான் குனியறப்போ நீ தட்ட எடுத்துக்குவியோன்னு."

"அப்பிடி" என்றீர்கள். அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கோபமாக, சலிப்பாக, எதிர்பார்த்ததுதான் என்பதுபோல. நீங்கள் சொன்ன விதம் மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தீர்கள். காலையில் சல்யூட் இல்லை. 'போலீசம்மா' இல்லை. 'பாப்பா' மட்டும் இருந்தது. சாயங்காலம் ஆணியிலிருந்து கூடையை எடுத்து நேராக என்னிடம் வந்து, வாயை விரித்துக் காட்டினீர்கள்.

"பாத்துக்கோ."

கேலி என்று நினைத்தேன். மறுநாளும் காட்டினீர்கள். அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்து எப்படியோ குரலை எழுப்பி, "வேணாம்க்கா" என்றேன்.

"வேணாம்னா எப்பிடி? நாளைக்கு ஏதாவது கொறஞ்சா நான் இன்னான்னு சொல்லுவேன்? நீ பாத்தன்னா நீ பாத்ததுதான். பாரு."

குரலில் கோபம் இல்லை. கணக்கு வாத்தியார் வழி சொல்வதுபோல் இருந்தது. நான் பார்த்தேன். எட்டு மாதம், வேலை நாள் ஒன்று விடாமல் பார்த்தேன். எனக்குத் தண்டனையா, உங்களுக்குக் காவலா என்று தினம் யோசித்தேன். ஒருவேளை நீங்கள் என்னை மன்னித்திருந்தால், மன்னித்தவர் ஏன் காட்ட வேண்டும்? மன்னிக்கவில்லை என்றால், புதிதாக வரும் ஒவ்வொரு ஹெட்டையும் ஏன் என்னைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் புரட்ட வேண்டும்? "மூடி", "முழுக் குடும்பம்", "தனிக் குடித்தனம்" என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டது பொய்யா?

கூடைக்குள் ஆறாவது மாதத்தில் ஒரு மாத்திரை அட்டை வந்தது. பிறகு இரண்டு. பிறகு மடித்த ஒரு சீட்டு, திருப்பதி ஆஸ்பத்திரியுடையது, மேலே முத்திரை தெரிந்தது. டிபன் பாக்ஸ் திரும்பிப் போகும்போதும் கனமாக இருந்தது. உங்கள் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. நான் ஒவ்வொன்றையும் பார்த்தேன். மாத்திரை எத்தனை தீர்ந்திருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். எண்ணுகிற கண் எதையும் விடாது. லீவு கேட்பதற்கு ஆதாரம் சேர்க்கிறீர்களோ என்று ஒரு நாள் நினைத்தேன். நான் நினைக்கக் கூடியவள்தான்.

"எதுக்குக்கா மாத்திரை?" இரண்டே சொல். எனக்கு வரவில்லை. பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். நீங்கள் கூடையை மூடிக்கொண்டு போனீர்கள்.

ஒரு புதன்கிழமை வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு திருப்பதியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். பிறகு சேதி வந்தது. கிட்னி என்றார்கள், முன்பே தெரிந்திருந்தால் என்றார்கள். உங்கள் வீட்டுக் கூட்டத்தில் நான் கடைசியில் நின்றேன். யாருக்கும் தெரியாது என்று எல்லாரும் அழுதார்கள். எனக்குத் தெரியும் அக்கா. உங்கள் வீட்டில் யாருக்கும் காட்டாததைத் தினம் சாயங்காலம் என் கண்ணுக்கு நேரே விரித்துக் காட்டினீர்கள். காவலுக்காகத்தான் காட்டினீர்கள் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கையிலும் சந்தேகம் வந்துவிட்டது. நான் கேட்பேன் என்று ஒரு நாளாவது எதிர்பார்த்தீர்களா? இதற்குப் பதில் இனி எங்கேயும் கிடைக்காது.

உங்கள் இடத்துக்குத் தடாவிலிருந்து கட்டிக்கொடுத்து வந்த ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதே வார்த்தையைச் சொன்னார். நீங்கள் செய்துகாட்டியதைச் சட்டமாகவும் ஆக்கிவிட்டார்: சாயங்காலம் எல்லாரும் என்னிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். என் பையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

நான் மாறிவிட்டேன் என்று உங்களுக்கு எழுத ஆசைதான். மாறவில்லை. அவள் பின்பக்கம் போனால் இன்றும் மனம் நேரத்தை எண்ணுகிறது.

நேற்று அவள் பையில், துணிக்கு அடியில், ஒரு மாத்திரை அட்டை தெரிந்தது. பாதி தீர்ந்திருந்தது. தலையாட்டி அனுப்பியிருப்பேன். தொண்டை அடைத்தது. அடைத்தபடியே கேட்டுவிட்டேன்.

"எதுக்கு மாத்திரை?"

அவள் பையைச் சட்டென்று மூடினாள். "உனக்கு எதுக்கு? ஓனர்கிட்ட போட்டுக் குடுக்கவா?"

"இல்ல. ஒடம்புக்கு இன்னான்னு கேட்டேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை. பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ரோட்டைக் கடந்து போனாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

இன்று சாயங்காலமும் கேட்பேன், அக்கா.